வண்டிக்கு எந்தப் பெட்ரோல்? நெல்லைப் பக்கம் புதிதாக வண்டி வாங்கினவர்களுக்கு

புதிதாக வண்டி வாங்கினவர்கள் பெட்ரோல் பங்கில் போய் நின்றதும் இரண்டு விஷயத்துக்குப் பயப்படுகிறார்கள். சாதாரணப் பெட்ரோல் போட்டால் இன்ஜின் கெட்டுவிடுமோ என்பது ஒன்று. அதில் கலந்திருக்கிற எத்தனால், அதாவது கரும்பு, தானியத்திலிருந்து எடுக்கிற ஆல்கஹால், வண்டியை அரித்துவிடுமோ என்பது இன்னொன்று. முதல் பயம் பெரும்பாலும் வீண். இரண்டாவதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் நம் பக்கத்தில் வண்டியைப் படுக்கவைப்பது பெரும்பாலும் எத்தனாலோடு போய்ச் சேருகிற தண்ணீரும், மாதக்கணக்கில் வண்டி ஓடாமல் நிற்பதும்தான். கையில் இருக்கிற காசையும் கவலையையும் அந்தப் பக்கம் திருப்பினால் போதும்.

முதல் வேலை: ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள்

அதில் வண்டி உற்பத்தியான மாதமும் வருடமும் இருக்கும். பதிவான தேதியைப் பார்க்காதீர்கள்; உற்பத்தித் தேதிதான் கணக்கு.

2020 ஏப்ரலுக்கு முந்தைய பைக், ஸ்கூட்டர் என்றால் அநேகமாகக் கார்புரேட்டர் வண்டி; பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பழைய பாகம்தான் கார்புரேட்டர். அந்த ஏப்ரலில் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு வந்தவை ஏறக்குறைய எல்லாமே, பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற ஃபியூயல் இன்ஜெக்ஷன். 2023 ஏப்ரலிலிருந்து வருகிற வண்டிகளில் டியூப், வாஷர், தொட்டி எல்லாம் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும்படி இருக்கவேண்டும் என்றும், 2025 ஏப்ரலிலிருந்து இன்ஜினின் டியூனிங்கே அதற்கு ஏற்றபடி இருக்கவேண்டும் என்றும் அரசு திட்டம் போட்டது. சில கம்பெனிகள் அதற்கு முன்னாலேயே மாறிவிட்டன. அதனால் தேதியோடு நிறுத்தாமல், தொட்டி மூடிக்குப் பக்கத்தில் 20 சதவீத எத்தனாலைக் குறிக்கிற ‘இ20’ என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியோடு தந்த கையேட்டில் எரிபொருள் பற்றிய பக்கத்தையும் ஒருதடவை படித்துவிடுங்கள். அந்தக் கையேடு பாலித்தீன் உறை பிரிக்காமல் பீரோவில் கிடக்கும். அது போதும், வேறு யாரிடமும் கேட்கவேண்டாம்.

ஆக்டேன்: பெரிய எண் என்றால் உசத்தி என்று அர்த்தமில்லை

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை பிஸ்டன் அமுக்குகிறது. அப்புறம் பிளக் பொறி தட்டி, தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவவேண்டும். சூட்டிலும் அழுத்தத்திலும் மிச்சக் கலவை தானாகவே பற்றிக்கொண்டால், அதுதான் நாக்கிங். அப்படித் தானாகப் பற்றாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன். அதில் பவரும் இல்லை, மைலேஜும் இல்லை, சுத்தமும் இல்லை.

அமுக்குகிற விகிதம், அதாவது கம்ப்ரஷன் ரேஷியோ, கூடக்கூட ஆக்டேன் கூடுதலாக வேண்டும். இப்போதைய 350 சி.சி. புல்லட்டுக்கு அது 9.5. நூறு சி.சி. பைக்குகளில் 10-ஐ ஒட்டி இருக்கும். இவற்றுக்கெல்லாம் 91 ஆக்டேன் தாராளம். யமஹா ஆர்15 மாதிரி வண்டியில் 11.6 வரை போகிறது. அதற்கும் கம்பெனிக்காரர்கள் நம் ஊர்ச் சாதாரணப் பெட்ரோலை மனதில் வைத்துத்தான் இன்ஜினை அமைத்திருக்கிறார்கள். கையேட்டில் ‘95-க்குக் குறையாமல்’ என்று அச்சடித்திருந்தால் மட்டும் அதற்கு மரியாதை கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பெரிய பைக்குகளிலும் டர்போ கார்கள் சிலவற்றிலும் அப்படி இருக்கும்.

அமெரிக்க வீடியோ பார்த்து ‘87 போதும் என்கிறார்களே’ என்று குழம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் அளக்கும் முறை வேறு. அங்கே 87 என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 91.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. எத்தனாலின் ஆக்டேன் நூறைத் தாண்டும். அதனால் 20 சதவீதம் கலந்தபிறகு சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனே ஏறிவிட்டது. பி.எஸ்.2 காலத்தில் 88, அப்புறம் 91, இப்போது எத்தனாலோடு 95 என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே கணக்குச் சொல்லியிருக்கிறது. ஆகவே பங்கில் தம்பி, “அண்ணாச்சி, பிரீமியம் போடவா?” என்று கேட்டால், “வேண்டாம்டே, சாதா போடு” என்று சொல்ல வெட்கப்படவேண்டாம். கேட்காமலே பிரீமியம் நாசிலைத் தூக்குகிற இடங்களும் உண்டு. வண்டியை நிறுத்தின உடனே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பிரீமியத்தில் இன்ஜினைச் சுத்தமாக வைக்கிற மருந்து சேர்ப்பார்கள். அது கெடுதல் இல்லை. ஆனால் நூறு சி.சி. வண்டிக்கு அந்தக் காசை ஆயில் மாற்றச் செலவழித்தால் பலன் அதிகம்.

நாக்கிங் வருகிறதா என்று கண்டுபிடிக்க நம் ஊரில் நல்ல இடம், பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறுகிற மலைப்பாதை. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, நாலாவது கியரில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினது போலச் சத்தம் வந்தால் அதுதான். உடனே கியரைக் குறையுங்கள். சத்தம் நின்றால் குற்றம் ஓட்டுகிறவருடையது, பெட்ரோலுடையது அல்ல. சரியான கியரிலும் வந்தால், பிளக் சரியான நம்பர்தானா, இன்ஜின் அதிகம் சூடாகிறதா, கரி படிந்திருக்கிறதா, போட்ட பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்குமா என்று வரிசையாகப் பாருங்கள். இதெல்லாம் இல்லை என்றான பிறகுதான் கூடுதல் ஆக்டேன் பற்றிப் பேச்சு.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

குறையும், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையில், 10 சதவீத எத்தனாலுக்கு டியூன் பண்ணின பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று இருந்தது. 60 கொடுத்த பைக் 58 கொடுக்கும். 18 கொடுத்த கார் 17-க்குப் பக்கத்தில் வரும்.

‘எத்தனாலால் அறுபது நாற்பத்தைந்து ஆகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டயரில் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், அடைத்துப்போன ஏர் ஃபில்டர் இவற்றைப் பாருங்கள். அப்புறம் ஆனி ஆடி மாதத்தில் நாகர்கோவிலுக்குப் போனாரா என்றும் கேளுங்கள். பணகுடி தாண்டினதும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற எதிர்க்காற்றில் எந்த வண்டியும் பெட்ரோல் குடிக்கும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? அளப்பதாக இருந்தால் ஒரே பங்கில் நாசில் தானாக நிற்கிற வரை போட்டு, போக வர இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் அதே மாதிரி போட்டுக் கணக்குப் பாருங்கள்.

பங்கில் கவனிக்கவேண்டியவை

நாசில் ‘டக்’ என்று நின்றபிறகு ‘ரவுண்டா இருக்கட்டும்’ என்று தளும்பத் தளும்ப ஊற்றச் சொல்லாதீர்கள். பி.எஸ்.6 வண்டியில் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கிற கேனிஸ்டர் ஒன்று இருக்கிறது. அதற்குள் பெட்ரோலே இறங்கினால் வண்டி திணறும். டேங்கர் லாரி வந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த பங்குக்குப் போங்கள். தரைத்தொட்டியின் அடியில் கிடந்ததெல்லாம் கலங்கியிருக்கும்.

சந்தேகம் வந்தால் சண்டை போடவேண்டாம். ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் பறந்துவிடவேண்டும். அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக்காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறையக்கூடாது. அடர்த்தி எழுதிவைத்திருக்கிற பலகையும் அங்கேயே இருக்கும். இதெல்லாம் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. உரிமை கேட்கிற தொனியில் கேட்காமல், “அண்ணாச்சி, ஒரு பேப்பர் குடுங்க, பாத்துக்கிடுதேன்” என்றால் வேலை சீக்கிரம் முடியும்.

கிராமத்தில் பெட்டிக்கடை வாசலில் தொங்குகிற பாட்டில் பெட்ரோலை, வழியில் வண்டி நின்றுபோனால் தவிர, வாங்காதீர்கள். வெயிலில் கிடந்து லேசான பகுதி ஆவியாகிப் போயிருக்கும். மூடி வழியாக ஈரக்காற்றும் ஏறியிருக்கும். அது சட்டப்படியான விற்பனையும் இல்லை.

தண்ணீர்: முக்கியமான விஷயம்

எத்தனால் இல்லாத காலத்தில் தொட்டிக்குள் தண்ணீர் போனால் அடியில் தனியாகக் கிடக்கும், மெக்கானிக் வடித்துவிடுவார். இப்போது எத்தனால் அந்தத் தண்ணீரை உறிஞ்சித் தன்னோடு வைத்துக்கொள்கிறது. கொஞ்சம் தண்ணீர் என்றால் இது நல்லதுதான், இன்ஜினில் எரிந்து ஆவியாகப் போய்விடும். ஆனால் அதற்கு ஒரு அளவு உண்டு. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஏறக்குறைய அரை சதவீதத் தண்ணீரைத் தாங்கும். அதாவது பத்து லிட்டருக்கு 50 மில்லி. 20 சதவீதக் கலவை அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அளவு தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு மொத்தமாக அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் எடுக்கிற வாயும் தொட்டியின் அடியில்தான் இருக்கிறது. அப்புறம் எத்தனை உதை உதைத்தாலும் வண்டி கிளம்பாது. மேலே மிதக்கிற பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் குறைந்து நிற்கும்.

குளிர்ந்தால் இந்தத் தாங்கும் அளவு குறையும். ஐப்பசி மழையில் ராத்திரி நன்றாக ஓடி வந்த வண்டி, விடியற்காலையில் முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? மூடி வழியாகத்தான். பைக்கின் தொட்டி மூடியைத் திறந்து, அது உட்காருகிற பள்ளத்தைப் பாருங்கள். ஓரத்தில் பொடியாக ஒரு துளை இருக்கும். மழைத்தண்ணீர் அந்தத் துளை வழியாக, ஒரு மெல்லிய குழாயில் இறங்கி, வண்டிக்கு அடியில் சொட்டவேண்டும். நம் ஊர்ப் புழுதியில் அந்தத் துளை அடைத்துக்கொள்ளும். அப்போது பள்ளத்தில் தேங்குகிற தண்ணீர், மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால், மெதுவாக உள்ளே இறங்கும். ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துத் துளையில் விட்டு, அழுக்கை உள்ளே தள்ளாமல் வெளியே இழுங்கள். பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, அடியில் வருகிறதா என்று பாருங்கள். மூடி ரப்பரை விரலால் தடவுங்கள். கல் மாதிரி இருந்தால் மாற்றிவிடுங்கள். மழை தொடங்குவதற்குமுன், புரட்டாசிக் கடைசியில் இதை முடித்துவிடுவது நல்லது. குற்றாலம், செங்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் சாரல் காலத்தை மறந்துவிடக்கூடாது. அவர்களுக்கு வைகாசியிலேயே இந்த வேலை வந்துவிடும். வாட்டர் வாஷ் கொடுக்கும்போது, மூடிமேல் நேராகப் பீய்ச்சவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையா? 100 மில்லி கண்ணாடி அளவுக்குழாய் ஒன்று வேண்டும். 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி, மெதுவாகத் திறந்து வைத்துவிடுங்கள். சற்று நேரத்தில் இரண்டாகப் பிரியும். 20 சதவீதக் கலவை என்றால், அடியில் 10 மில்லியாக இருந்த பகுதி 28-ஐ ஒட்டி உயர்ந்திருக்கும். திறந்தவெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

இப்படித் தண்ணீர் சேர்த்து எத்தனாலைப் பிரித்துவிட்டு, மேலே நிற்கிற ‘சுத்தப் பெட்ரோலை’ வண்டிக்கு ஊற்றலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. செய்யாதீர்கள். எத்தனால் சேரப்போகிறது என்று கணக்கிட்டுத்தான் அடிப்படைப் பெட்ரோலையே தயாரிக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவதன் ஆக்டேன் உங்கள் இன்ஜினுக்குப் போதாது. எத்தனாலே கூடாது என்கிறவர்களுக்கு, எத்தனால் சேர்க்காததாகச் சொல்லி விற்கிற 100 ஆக்டேன் பெட்ரோல் இருக்கிறது. அது எல்லாப் பங்கிலும் கிடைக்காது, விலையும் கையைக் கடிக்கும். பழைய வண்டியை நிறுத்திவைக்கும்போது போட அது உதவும். தினமும் போடுவதற்கு அல்ல.

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

யமஹா ஆர்.எக்ஸ்.100 பைக்கைக் கண்ணாகக் காப்பாற்றுகிறவர்கள் மேலப்பாளையத்திலும் டவுனிலும் நிறையப் பேர் உண்டு. இது அவர்களுக்கும், பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்., ஸ்ப்ளெண்டர், மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கும்.

முதலில் ரப்பர். பெட்ரோல் டியூபைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, பிசுபிசுத்தாலோ, வளைவில் வெடிப்புத் தெரிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். கடையில் வெறுமனே ‘பெட்ரோல் டியூப்’ என்று கேட்காமல், எத்தனால் தாங்குகிற டியூப் என்று கேளுங்கள். வைட்டான் ரப்பர் கிடைத்தால் ரொம்ப நல்லது. பெட்ரோல் காக் வாஷர், மிதவைக் கிண்ணத்தின் ஓ-ரிங், ஊசி வால்வின் ரப்பர் முனை எல்லாவற்றையும் அதே நாளில் மாற்றிவிட்டால் திரும்பத் திரும்பப் பிரிக்கவேண்டாம்.

இரண்டாவது ஃபில்டர். எத்தனால் நல்ல கரைப்பான். பல வருடமாகத் தொட்டியில் ஒட்டியிருந்த பிசினையும் துருவையும் கிளப்பிக்கொண்டு வந்துவிடும். உவரி, கூடங்குளம், திசையன்விளை என்று உப்புக்காற்று அடிக்கிற ஊர்களில் தகரத் தொட்டிக்குள் துரு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கண்ணாடிபோல் தெரிகிற சிறிய இன்லைன் ஃபில்டர் ஒன்றை மாட்டிவிடுங்கள். சிவப்பாக மண்டி தெரிந்தால் மாற்றவேண்டியதுதான்.

மூன்றாவது, கலவை. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இன்ஜெக்ஷன் வண்டி, புகைக்குழாயில் இருக்கும் சென்சாரைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. காற்று மிஞ்சி, இன்ஜின் சூடாக ஓடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பி நிறம் என்றால் கவலையில்லை. சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்திருந்தால் மெக்கானிக் அண்ணாச்சியிடம் பெட்ரோல் வருகிற பொடித் துளையான ஜெட்டையும், காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவையும் பார்க்கச் சொல்லுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் இதைத் தள்ளிப்போடக்கூடாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

வண்டி சும்மா நிற்கப்போகிறது என்றால்

சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை, ஊரில் ஒரு பைக். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்தால் எடுப்பது, அப்புறம் கோயில் கொடைக்கு. நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இந்தக் கதைதான்.

ஒரு மாதத்துக்குமேல் நிற்கும் என்றால், கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, தானாக அணைகிற வரை ஓடவிடுங்கள். பிறகு மிதவைக் கிண்ணத்தின் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது வற்றி, பச்சையும் மஞ்சளுமாகப் பசை போலப் படிந்து ஜெட்டை அடைத்துவிடும். இன்ஜெக்ஷன் வண்டியில் இப்படி வறட்டக்கூடாது. தொட்டிக்குள் இருக்கிற பம்ப்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான். அதில் தொட்டியை நாசில் நிற்கிற மட்டத்துக்கு நிரப்பிவிட்டு, வீட்டில் இருக்கிறவர்களிடம் வாரம் ஒருமுறை பத்து கிலோமீட்டராவது ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் முறுக்கிவிட்டு அணைப்பதில் பிரயோஜனம் இல்லை. தொட்டி நிறைந்திருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறைவு.

வயல்காரர்களுக்கு இதே விதி, இன்னும் கண்டிப்பாக. கார் பருவ நெல் சாகுபடிக்கு மருந்தடித்த பவர் ஸ்பிரேயரை அப்படியே மூலையில் வைத்துவிட்டு, அடுத்த பிசானப் பருவத்துக்கு எடுத்தால் கயிறு அறுகிற வரை இழுக்கவேண்டியதுதான். மருந்தடித்து முடிந்த அன்றைக்கே தொட்டியை வடித்து, அணைகிற வரை ஓடவிட்டு வையுங்கள். பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 2டி ஆயில் கலப்பதையும் கம்பெனி சொன்ன விகிதத்தில், தேவைக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். போன பட்டத்துக் கலவையை இந்தப் பட்டத்துக்கு ஊற்றவேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிவிட்டால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி ஓடியபோது, ஜங்ஷன் பக்கம் நின்ற வண்டிகளின் கதி பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் வடிந்ததும் முதலில் செய்யத் தோன்றுவது செல்ஃப் அடிப்பது. அதைத்தான் செய்யக்கூடாது. பேட்டரி வயரைக் கழற்றுங்கள். தொட்டி மூடி மூழ்கியிருந்தால் பெட்ரோல் முழுவதையும் இறக்கிவிடுங்கள். ‘பாதியாவது மிஞ்சுமே’ என்று பார்க்கவேண்டாம். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்தால், அடியில் தனிப்படலம் நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி இறக்குகிற பழக்கம் வேண்டாம், கையால் அமுக்குகிற பம்ப் மலிவாகவே கிடைக்கிறது. தொட்டி, டியூப், கார்புரேட்டர், ஃபில்டர் காய்ந்தபிறகு புதுப் பெட்ரோல். இன்ஜின் ஆயிலும் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் சாவி.

இறக்கின பெட்ரோலை வாய்க்காலிலோ சாக்கடையிலோ ஊற்றிவிடாதீர்கள். ஸ்பிரேயருக்கு ஆகும் என்று எடுத்தும் வைக்காதீர்கள். மூடியுள்ள தகர டின்னில் பிடித்து, உங்கள் ஒர்க்ஷாப்பிலேயே ஒப்படைத்துவிடுங்கள். பழைய ஆயிலை எடுக்க வருகிறவர்கள் மூலம் அப்புறப்படுத்த அவர்களுக்கு வழி தெரியும்.